பழுப்பு நிறம் தெரிந்தால் போதாது

திசு வெட்டில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதை, அதைப் பற்றும் ஆன்டிபாடியைக் கொண்டு பழுப்பு நிறமாகக் காட்டுவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் நிறமே வரவில்லையா? ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன் ஆன்டிஜன் மீட்பை (மறைந்த பற்றுமிடத்தைத் திறக்கும் படியை) பாருங்கள். ஃபார்மலின் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்து, ஆன்டிபாடி பற்றும் இடத்தை மறைத்துவிடும். 4 மைக்ரான் வெட்டைப் பிஎச் 6 சிட்ரேட் கரைசலில் 95 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கினால் பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால் பிஎச் 9 டிரிஸ்-இடிடிஏ.

சிறுநீரகம் முழுக்கப் பழுப்பா? பழுப்பு நிறத்தை உண்டாக்கும் நொதியான பெராக்ஸிடேஸ் திசுவிலேயே இருப்பது காரணமாகலாம்; அதை முடக்க 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வையுங்கள்.

முதல் ஆன்டிபாடி (புரதத்தை நேரடியாகப் பற்றுவது) இல்லாத ஒப்பீட்டு ஸ்லைடு கட்டாயம் தேவை. ஆனால் முதல் ஆன்டிபாடியே வேறு புரதத்தைப் பற்றினால் அது காட்டிக்கொடுக்காது. அதற்கு, தேடும் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்கள்தான் நல்ல சாட்சி. அல்லது ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இரண்டு ஆன்டிபாடிகளை ஒப்பிடலாம். மனிதப் புரதங்கள் உடலில் எங்கே உள்ளன என்று வரைபடமாக்கும் ஸ்வீடனின் ஹ்யூமன் புரோட்டீன் அட்லஸ் திட்டமும் இம்முறையைப் பயன்படுத்துகிறது. புரதங்களைப் பிரித்துச் சவ்வில் ஒற்றிச் சோதிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் தேறிய ஆன்டிபாடி திசுவிலும் தேறும் என்று நம்பாதீர்கள்: அங்கே புரதம் மடிப்புக் குலைந்து கிடக்கிறது.