ட்ரிப் ஆனால் யாருக்குக் கோபம் வரும்?

கட்டட சைட்டில் தற்காலிக மின் இணைப்பைப் பார்த்துக்கொள்பவனுக்கு அதிகம் வரும் புகார், "சார், திரும்பவும் ட்ரிப் ஆயிடுச்சு" என்பதுதான், அதாவது பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்து கரண்ட் நின்றுவிட்டது. ஷாக் அடித்தது என்று வருபவர்கள் மிகக் குறைவு. முதலாவது இருப்பதால்தான் இரண்டாவது குறைவு என்று மேஸ்திரியிடம் சொன்னால், "அதெல்லாம் சரி சார், வேலை நிக்குதே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கணக்கில் எடுக்காமல் போட்ட போர்டு எதுவும் நான் போட்டபடி நிலைத்ததில்லை.

சைட்டில் பலர் நம்பியிருப்பது எம்சிபியை, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்சை. 16 ஆம்பியர் எம்சிபி கேபிளைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் 230 வோல்ட் ஃபேஸைத் தொட்டுவிட்டார், உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. எம்சிபிக்கு அது ஒரு குண்டு பல்பு எரிகிற மாதிரி. ஆளுக்கோ உயிர் போகும் அளவு. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச். ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆனால் 300 மில்லி செகண்டுக்குள், அதன் ஐந்து மடங்கு ஆனால் 40 மில்லி செகண்டுக்குள் துண்டிக்க வேண்டும். கட்டுமான இடங்களுக்கான ஐஇசி 60364-7-704 என்ற சர்வதேச மின் விதி, 32 ஆம்பியர் வரையுள்ள சாக்கெட்டுகளுக்கு இதைக் கேட்கிறது. இல்லாவிட்டால் மிகக் குறைந்த வோல்டேஜ், தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போன்ற வழிகளில் ஒன்றைக் கேட்கிறது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்சிசிபிக்கும் எதுவும் தெரியாது. அதற்கு மூடியுள்ள பெட்டியும் ஒழுங்கான பிளக்கும்தான்.

ஒரு சைட்டில் ஸ்லாப் காங்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின இரவு நல்ல மழை. அப்படிப்பட்ட நாளில் காலையிலிருந்து ஒரு ட்ரிப்கூட இல்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. போர்டுக்குப் போய் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். லீவர் டக்கென்று விழுந்தது. மேலே காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெயினை அணைத்து மூடியைக் கழற்றினால், வெளியே போக வேண்டிய ஃபேஸை உள்ளே வரும் ஃபேஸ் முனையிலும், நியூட்ரலை உள்ளே வரும் நியூட்ரல் முனையிலும் சேர்த்து முறுக்கியிருந்தது. ஆர்சிசிபி பெட்டியில் சும்மா உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரி ஒன்றையும் மறைக்கவில்லை. "பாதியில நின்னா கோல்ட் ஜாயிண்ட் விழும் சார். லாரி வேற வரிசையா நிக்குது. நான்தான் தம்பிகிட்ட டைரக்ட் பண்ணச் சொன்னேன்." கோல்ட் ஜாயிண்ட் என்றால், இறுகத் தொடங்கிய காங்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாமல் விழும் பலவீனமான இடம்.

வைப்ரேட்டர் கேபிளைக் கழற்றி, இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்தோம். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டியது, ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடந்தது. ஸ்லாப் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் உரசி மேலுறை கிழிந்து, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது சிமெண்ட் பால் கலந்த தண்ணீர் விரலில் வடிந்தது. அந்தக் கேபிள் கிடந்த நனைந்த கம்பிக் கட்டின் மேல்தான் எல்லோரும் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார்கள். வயரிங்கைச் சரிசெய்து, ஸ்டோரில் இருந்த இன்னொரு வைப்ரேட்டரை ஆர்சிசிபி வழியாகவே கொடுத்தோம். ட்ரிப் ஆகவில்லை. காங்கிரீட்டும் கெடவில்லை.

அந்தத் தம்பியைத் திட்டலாம். மூடியில் 'கை வைக்காதே' என்று எழுதி ஒட்டலாம். இரண்டிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்தப் போர்டே டைரக்ட் பண்ணச் சொல்லித் தூண்டும் போர்டு. ஒரே ஆர்சிசிபியில் அத்தனை சாக்கெட்டும், மாடிப்படி விளக்கும் சேர்த்து. ஒவ்வொரு மெஷினிலும் ஈரத்தால் கொஞ்சம் கொஞ்சம் கசியும், எல்லாம் கூடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் அது விழலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆக எங்கோ ஒரு டைல்ஸ் கட்டர் நனைந்தால் மாடிப்படி இருட்டாகிவிடும், வைப்ரேட்டர் நிற்கும், எது கெட்டது என்றும் தெரியாது. இருட்டில் படியிறங்குகிறவன் கரண்டைத்தான் திட்டுவான்.

இப்போதெல்லாம் சாக்கெட்டுக்கு ஒரு ஆர்சிபிஓ, அதாவது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது, கேட்கிறேன். மேலே மெயினில் 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எஸ் டைப், அதாவது கொஞ்சம் தாமதித்து விழுவது. கீழே ஒன்று பழுதானால் அது மட்டும் விழும். விளக்குகளுக்குத் தனி சர்க்யூட். செலவு கூடும், கணக்குப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். அப்புறம் போர்டை வேலை நடக்கும் மாடிக்கே கொண்டுபோவது. பக்கத்தில் சாக்கெட் இருந்தால் நடுவில் ஜாயிண்ட் போட்டு யாரும் வயர் இழுக்க மாட்டார்கள். தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி44 பெட்டி, ரப்பர் உறை கேபிள், தொழிற்சாலை வகை நீல, சிவப்பு பிளக்குகள் இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. டெஸ்ட் பட்டன் எர்த்தைப் பார்ப்பதில்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக அது வேலை செய்கிறது. எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் லீவர் அழகாக விழும். சின்ன ஜெனரேட்டருக்கு மாறும்போது இது முக்கியம். பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. ஒரு ஃபேஸ் மெஷின் பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்ப வழியில்லாததால் ஆர்சிசிபி அசையாது, பட்டன் அழுத்தினால் மட்டும் விழும். அதனால் ஜெனரேட்டர் வந்து இறங்கியதும் முதலில் அதன் நியூட்ரல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு எர்த் கம்பியையும் லூப்பையும் (பழுதுக் கரண்ட் போய்த் திரும்பும் முழுச் சுற்றின் தடை) அளந்து, சாக்கெட்டில் ஆர்சிசிபியைச் சோதிக்கும் ஆர்சிடி டெஸ்டரைச் செருகி, எர்த் வழியாகவே கசிவு கொடுத்து எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். அதுவரை மேஸ்திரி காத்திருக்க வேண்டியதுதான். அவருக்கு அன்றும் கோபம் வரும்.