தேரூர் குளத்திலிருந்து கியூஜிஐஎஸ் கையேடு வரை

கணினியில் வரைபடம் வரையவும் பரப்பளவு கணக்கிடவும் உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளின் பயனர் கையேட்டில் நான் எழுதிய ஓரிரு வரிகள் சேர்ந்திருக்கின்றன. நான் நிரல் எழுதுபவள் அல்ல. நாகர்கோவிலில் இருந்துகொண்டு நில வரைபட வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். நம் மாவட்டத்தில் கியூஜிஐஎஸ் தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் கையேட்டில் கைவைப்பது என்றால் அது யாரோ பெரிய ஆட்களின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம் இது. மென்பொருள் மட்டுமல்ல, கையேடும் கட்டற்றதுதான். ஜிஎன்யூ கட்டற்ற ஆவண உரிமத்தில் வெளியாகிறது. யாரும் படி எடுக்கலாம், மாற்றலாம், அதே உரிமத்தில் பகிரலாம். கையேட்டின் மூலக்கோப்புகள் அத்தனையும் கிட்ஹப் என்ற, பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்தும் இணையதளத்தில் திறந்து கிடக்கின்றன.

எனக்குக் காரணமாக அமைந்தது குளங்கள். அகஸ்தீஸ்வரம் தாலுகாவின் குளங்களைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்து பரப்பளவு கணக்கிடும் வேலையைப் பிள்ளைகளோடு செய்துகொண்டிருந்தேன். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் ராம்சர் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்த பிறகு இந்த வேலைக்கு ஆர்வம் கூடியிருந்தது. பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் தாமரை இலை மூடிய இடத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று படத்தில் பிரித்தறிவது பெரும்பாடு. அதனால் பெரிய குளங்களை இரண்டு பேருக்குப் பாதி பாதியாகக் கொடுத்தேன். நடுவில் இடைவெளி விழக்கூடாது என்று இருவரும் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே வரைவார்கள். பிறகு குளத்தின் பெயரை வைத்து 'கலெக்ட் ஜியாமெட்ரீஸ்' கருவியால் இரண்டு துண்டுகளையும் ஒரே உருவாகச் சேர்ப்போம். அந்தக் கருவி துண்டுகளைச் சேர்த்துக் கட்டுமே தவிர, ஒன்றன்மேல் ஒன்று படிந்த பகுதியைக் கரைக்காது. அப்படி வரும் உரு விதிப்படி செல்லாதது. அதைச் சரிசெய்ய 'ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்' கருவி இருக்கிறது.

ஒரே கோப்பை இரண்டு மடிக்கணினிகளில் சரிசெய்தபோது இரண்டு பரப்பளவு வந்தது. "அக்கா, எனக்கு மட்டும் குளத்துக்கு நடுவுல ஓட்டை விழுது" என்றாள் ஒருத்தி.

காரணம் தேடியதில், அந்தக் கருவியில் சரிசெய்யும் முறை இரண்டு இருப்பது தெரிந்தது. ஒன்று லைன்வொர்க், இன்னொன்று ஸ்ட்ரக்சர். லைன்வொர்க் எல்லா விளிம்புகளையும் வெறும் கோடுகளாகப் பிரித்து, அந்தக் கோடுகளிலிருந்து பலகோணங்களை மறுபடி கட்டுகிறது. ஸ்ட்ரக்சர் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே சரிசெய்து, வெளிவளையங்களை ஒன்றாக்கி, உள்ளே இருக்கும் துளைகளைக் கழிக்கிறது. ஸ்ட்ரக்சர் முறைக்கு, கியூஜிஐஎஸ் உள்ளே பயன்படுத்தும் ஜியாஸ் என்ற நிரல் நூலகம் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அவளுடைய கணினியில் இருந்த பழைய லினக்ஸில் அந்த நூலகம் முந்தைய பதிப்பு. ஆகவே அவள் லைன்வொர்க்கைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

இரண்டு முறைகளும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பது கையேட்டில் இருந்தது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் கடைசியில் என்ன கிடைக்கும் என்பதையும் ஒரு வரியில் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

நேராக எழுத உட்காரவில்லை. முதலில் பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டியைப் படித்தேன். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்வேன். தலைப்பு எப்படி எழுதுவது, படம் எந்த அளவில் எடுப்பது, பொத்தானின் பெயரை எப்படிக் குறிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அப்புறம் கிட்ஹப்பில் குறைகளையும் யோசனைகளையும் பதிவு செய்யும் இஷ்யூ பட்டியலில் இதே விஷயத்தை யாராவது ஏற்கெனவே எழுப்பியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு இஷ்யூ திறந்து, என்ன செய்தோம், என்ன கிடைத்தது, எந்த வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று மூன்றையும் எழுதினேன்.

பதில் மரியாதையாக வந்தது. கூடவே ஒரு கேள்வி: மற்றவர்களும் சோதித்துப் பார்க்கச் சின்னதாக ஒரு மாதிரித் தரவு தர முடியுமா?

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. தேரூர் குளத்தின் உருவை அனுப்பினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, அதில் நூற்றுக்கணக்கான முனைகள். ஆகவே பத்து மீட்டர் பக்கமுள்ள இரண்டு சதுரங்களை வரைந்தேன். ஒன்றின் மூலை மற்றதன் மூலைமேல் ஐந்துக்கு ஐந்து மீட்டர் படிகிற மாதிரி வைத்தேன். ஆயத்தொலை முறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) நம் மாவட்டத்துக்கு ஒத்த, மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு; மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்க உதவும் இபிஎஸ்ஜி எண் 32643. டிகிரியில் வரைந்தால் சதுர மீட்டரில் ஒப்பிட முடியாது. சரிசெய்வதற்கு முன் இரண்டு சதுரங்களின் பரப்பைக் கூட்டினால் 200 சதுர மீட்டர். ஸ்ட்ரக்சர் முறையில் 175 வந்தது, அதாவது படிந்த பகுதி ஒருமுறை மட்டும் கணக்கில் வருகிறது. லைன்வொர்க் முறையில் 150. படிந்த 25 சதுர மீட்டர் அப்படியே வெளியே போய்விடுகிறது. பிள்ளையின் குளத்தில் ஓட்டை விழுந்த கதை இந்த மூன்று எண்களில் அடங்கிவிட்டது.

ஆவணம் எழுதுவது என்றால் நல்ல ஆங்கிலம் எழுதுவது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதில் எழுத்து கொஞ்சம்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் திரையில் அதைச் செய்து பார்த்து, சொன்னபடி நடக்கிறதா என்று உறுதி செய்வதுதான் பெரும்பகுதி. அதைக் குளச்சலில் இருக்கிற பிள்ளையும் செய்யலாம், பெர்லினில் இருக்கிறவரும் செய்யலாம். ஆங்கிலம் தடுமாறினால் மதிப்பாய்வு செய்கிறவர்கள் திருத்திக் கொடுக்கிறார்கள். நடக்காததை நடக்கும் என்று எழுதினால் அதைத் திருத்த யாராலும் எளிதில் முடியாது.

அடுத்தது கருவிகள். எழுத்துப்பிழை போன்ற சின்னத் திருத்தத்துக்கு எதையும் நிறுவ வேண்டாம். கிட்ஹப் கணக்கு ஒன்று போதும். கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால் உங்கள் பெயரில் ஒரு ஃபோர்க், அதாவது தனிப் படி, உருவாகும், உலாவியிலேயே திருத்தி புல் ரெக்வெஸ்ட், அதாவது திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், அனுப்பிவிடலாம். நான் முழுப் பக்கமும் எப்படி வருகிறது என்று பார்க்க விரும்பியதால் மூலக்கோப்புகளிலிருந்து கையேட்டை என் கணினியிலேயே கட்டிப் பார்த்தேன். படங்கள் நிறைந்த களஞ்சியம் (கையேட்டின் கோப்புத் தொகுப்பு) என்பதால் இறக்க நேரம் பிடிக்கும். இணையம் மெதுவாக இருக்கிற இடங்களில், குளோன் செய்யும்போது (களஞ்சியத்தை நம் கணினிக்குப் படி எடுக்கும்போது) டெப்த் 1 என்று கொடுத்தால் பழைய வரலாறு இல்லாமல் சீக்கிரம் இறங்கும். பைதானில் தனி மெய்நிகர்ச் சூழல் அமைத்து, தேவைப் பட்டியல் கோப்பில் உள்ளவற்றை நிறுவி, மேக் எச்டிஎம்எல் என்று கட்டளை கொடுத்தால் கையேடு வலைப்பக்கங்களாக உருவாகிறது. உள்ளே அந்த வேலையைச் செய்வது ஸ்ஃபிங்க்ஸ். பைதான் மொழியின் சொந்த ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்ட கருவி அது.

கோப்புகள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வடிவில், அதாவது குறிகள் இட்ட வெற்று உரையாக, இருக்கும். வேர்டு பழகிய கண்ணுக்கு முதலில் கொஞ்சம் முரடாகத் தெரியும். மெனு வழியைச் சொல்ல ஒரு குறி, பொத்தான் பெயருக்கு ஒரு குறி, விசைப்பலகைக் குறுக்குவழிக்கு ஒரு குறி. பக்கத்து வரிகளைப் பார்த்து அதே மாதிரி எழுதினால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கருவிகளின் அளவுருக்கள் (கருவியில் நாம் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள்) அட்டவணையாக இருக்கும். அங்கே மட்டும் இடைவெளியில் கவனம் வேண்டும், ஓர் எழுத்து தள்ளினாலும் அட்டவணை உடையும்.

திருத்தத்துக்கென்று தனிக் கிளை (மூலத்தைத் தொடாத தனிப் பிரதி) ஒன்றை உருவாக்கி, கமிட் செய்தியில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) செய்ததை ஒரே வரியில் சொல்லி, இஷ்யூ எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடி, கையேடு பிழையில்லாமல் கட்டப்படுகிறதா என்று பார்க்கின்றன. அதற்குப் பிறகுதான் மனிதர்கள் பார்ப்பது.

மதிப்பாய்வில் என் பத்தி நன்றாக இளைத்தது. சதுரங்களின் எண்கள் வேண்டாம், அவை இஷ்யூவில் இருந்தால் போதும் என்றார்கள். ஒப்பீட்டுப் படம் வேண்டாம் என்றார்கள், மென்பொருள் மாறும்போதெல்லாம் படத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு எண்களை விட மனமில்லை. விளைவு கண்ணில் படுவதே அவற்றால்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அட்டவணைக்குள் நீளமாக எழுதினால் மற்ற அளவுருக்களைத் தேடி வருகிறவர் தடுக்கி நிற்பார் என்று விளக்கினார்கள். அது நியாயம். வாரக்கணக்கில் பதில் வராமல் கிடந்த இடைவெளியும் உண்டு. எல்லாரும் தங்கள் வேலைக்கு நடுவே பார்க்கிறவர்கள், பொறுமையாக இருக்கத்தான் வேண்டும். கடைசியில் சுருங்கிய வடிவம் ஏற்கப்பட்டு மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையில் சேர்ந்தது. அங்கே சேர்வது முதலில் சோதனைப் பதிப்பின் கையேட்டில் வரும். ஏற்கெனவே வெளியான பதிப்பின் கையேட்டுக்கும் பொருந்துமானால் பேக்போர்ட் செய்கிறார்கள், அதாவது அங்கேயும் சேர்க்கிறார்கள். மற்ற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பது டிரான்ஸிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளம் வழியாக, தனி ஏற்பாடு.

விட்ட எண்களையும் சதுரங்களையும் வீணாக்கவில்லை. எங்கள் வகுப்பின் தமிழ்க் குறிப்பில் அவை படத்தோடு இருக்கின்றன. குளங்களை எல்லாம் ஸ்ட்ரக்சர் முறையில் மறுபடி ஓட்டிப் பரப்பளவைத் திருத்திக்கொண்டோம்.

எதில் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. மென்பொருளில் புது வசதி சேர்ந்து அதற்கு ஆவணம் தேவை என்று குறிக்கப்பட்டால், ஆவணக் களஞ்சியத்தில் தானாகவே ஒரு இஷ்யூ உருவாகும். அந்தப் பட்டியலில் எழுத ஆளில்லாமல் எப்போதும் சில காத்திருக்கும். நீங்கள் தினமும் பயன்படுத்துகிற கருவியைப் பற்றியதாகப் பார்த்து எடுங்கள், எடுத்ததும் "நான் பார்க்கிறேன்" என்று அங்கே ஒரு வரி போட்டுவிடுங்கள், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்ய வேண்டாம். குளத்தில் ஓட்டை கண்ட அந்தப் பெண் இப்போது அப்படி ஒன்றை எடுத்திருக்கிறாள். பேச்சிப்பாறை அணையின் கால்வாய்க் கோடுகளை வைத்து அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.