பதினாலு அணா வலி

எட்டு வருஷம் ஐசியுவில் நர்ஸாக இருந்துவிட்டு, குணமாகாத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பேலியேட்டிவ் கேர் பக்கம் மாறினேன். "பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு நர்ஸ் எதுக்குடி?" என்று கூட வேலை பார்த்தவளே கேட்டாள். பயிற்சி முடித்து, மதுரைக்கு வடக்கே கிராமம் கிராமமாக வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் டீமில் சேர்ந்தேன். நான், டிரைவர் அண்ணன், வாரத்தில் ஒரு நாள் டாக்டர். அவ்வளவுதான் டீம். இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்பவர்களுக்காக என் முதல் கேஸை எழுதுகிறேன், நான் செய்த தப்பையும் சேர்த்து.

எழுபத்தெட்டு வயது அப்பத்தா. மார்பில் கட்டி, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் சேலையால் மூடியே வைத்திருந்து, வெளியே தெரிந்தபோது புண்ணாகி உடைந்து எலும்புக்கும் பரவிவிட்டது. வாசலிலேயே மகன் நிறுத்தினார். "சிஸ்டர், அம்மாவுக்குக் கேன்சர்னு தெரியாது, சொல்லிறாதீங்க." உள்ளே போனால் ஊதுபத்தி வாசனையையும் மீறி புண் நாற்றம். பேத்தி வந்து தட்டை வைத்துவிட்டு உடனே போய்விட்டாள், அதை அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐசியு பழக்கத்தில் பிபி மெஷினைத்தான் முதலில் எடுத்தேன். டாக்டர் கையைத் தட்டி, "முதல்ல உக்காருங்க" என்றார். தரையில் உட்கார்ந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று பாடம் ஒப்பித்தேன். அப்பத்தாவுக்குப் புரியவில்லை. சரி என்று ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்குக்கு மாற்றி, "முழு வலி ஒரு ரூபான்னா உங்களுக்கு எத்தனை அணா?" என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை, "பதினாலு அணா தாயி" என்றார்.

நாற்றத்துக்கு வழி சுலபமானது. உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவி, மேலே துணி வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். சில நாளில் நாற்றம் பாதிக்கு மேல் அடங்கியது. பேத்தி கட்டிலோரம் உட்கார ஆரம்பித்தாள். விலை குறைந்த மாத்திரை, இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின்தான் பெரிய பாடு. ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு மகன் கடை கடையாக அலைந்திருக்கிறார், எங்கும் இல்லை. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்து பல இடங்களில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தியதால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற எங்களைப் போன்ற இடங்கள் வைத்துக் கொடுக்க முடிகிறது. பூட்டிய அலமாரி, ரிஜிஸ்டர், காலி அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்தது. டாக்டர் பத்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி எழுதினார், காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்துக்கு மட்டும் இரட்டிப்பாக, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பாமல் இருக்க. "வலி வந்தா மட்டும் குடுத்தாப் போதாதா, மயக்க மருந்தாச்சே, அடிமையாயிருவாங்களே" என்றார் மகன். வலிக்கு அளவு பார்த்துக் கொடுத்தால் அப்படி ஆவது அபூர்வம் என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் போனில் கேட்டேன். "நாலு அணாதான்."

அங்கேதான் கோட்டை விட்டேன். மார்ஃபின் கொடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், கூடவே தினமும் பேதி மாத்திரை போக வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தேன், வாயால் அழுத்திச் சொல்லவில்லை. அவர்கள் அதை வேண்டுமானால் போடும் மாத்திரை என்று நினைத்துவிட்டார்கள். ஆறு நாள் மலம் போகாமல் வயிறு கல்லாகி, பயந்துபோய் மார்ஃபினையே நிறுத்த, வலி பழையபடி ஏறி, ராத்திரி முழுக்க அப்பத்தா கத்தியிருக்கிறார். மறுநாள் போய் இனிமா கொடுத்து, கையுறை போட்டு எடுத்துவிட்டேன். "உனக்கு இந்தக் கதியா தாயி" என்று என்னைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டதுதான் தாங்கவில்லை. இப்போதெல்லாம் பேதி மாத்திரையைப் பற்றித்தான் முதலில் பேசுவேன், மார்ஃபின் அப்புறம்.

ஒரு நாள் புண் கட்டும்போது, "தைக்கு இருப்பேனா?" என்றார். வாசலில் மகன் சொன்னது நினைவில் இருந்தது, பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "உங்களுக்கு என்ன தோணுது அப்பத்தா?" என்று திருப்பிக் கேட்டேன். "இருக்க மாட்டேன். காதுத் தண்டட்டியப் பேத்திக்குக் குடுக்கணும், இவன்கிட்ட சொன்னா அழுவான்." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு நான் திண்ணைக்குப் போய்விட்டேன்.

கார்த்திகையில் கடைசி இரண்டு நாள். தொண்டையில் கொரகொர சத்தம், என் கை தானாகச் சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினைத் தேடியது. குழாய் விட்டால் அவருக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, சளி குறைய ஊசி போட்டேன். சொந்தக்காரர்கள் பால் ஊற்ற டம்ளரோடு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொன்னேன். வரிசையாக எல்லோரும் வைத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் ஆபீசுக்கு வந்தார். அப்பத்தாவின் சுருக்குப் பையில் மீதி மாத்திரைகள், வெற்றிலை வாசனையோடு. இரண்டு பேரும் எண்ணினோம், பதினேழரை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போனார்.