பழைய சொகுசுக் கார் வாங்கினேன், ஒரு கடிதத்துக்காக நாலு மாதம் அலைந்தேன்

போன வாரம்தான் ஆர்.சி. என் பெயரில் தபாலில் வந்தது. கார் எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. 2012-இல் பதிவான ஜெர்மன் டீசல் செடான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பத்து வருடம் தாண்டிய இந்த ரகக் கார்களில் பார்க்க வேண்டியவை கிட்டத்தட்ட ஒன்றுதான். வாங்க நினைப்பவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் சென்னைக்குப் போனேன். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் வேளச்சேரியில் நின்றேன். புரோக்கர் வண்டியைக் கழுவித் துடைத்து, எஞ்சினையும் ஓடவிட்டு வைத்திருந்தார். பானெட்டில் கை வைத்தால் சுட்டது. அப்போதே மனசு சரியில்லை. ஆறிப்போன எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகளில்தான் டைமிங் செயின் (எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலி) சத்தமும் புகையும் வெளியே வரும், சூடேறிவிட்டால் அடங்கிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. ஸ்டெப்னி குழியில் போல்ட் எல்லாம் துரு. "2015 வெள்ளத்துல நின்ன வண்டியாங்க?" என்று கேட்டேன். பதிலே இல்லை. இந்தக் கார்களில் எலக்ட்ரானிக் யூனிட்கள் சில சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் அடியில் இருக்கும். ஒரு தடவை தண்ணீர் ஏறினால் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தொல்லை கொடுக்கும். அன்று இரவே திரும்பிவிட்டேன்.

சேலத்தில் பார்த்த கார் அரை மணி நேரத்தில் முடிந்தது. மீட்டரில் 68,000 கிலோமீட்டர். வண்டியின் எலக்ட்ரானிக் யூனிட்களைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் கியர்பாக்ஸ் யூனிட்டில் 1,31,000. மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, கோயம்புத்தூர். இந்த முறை எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். "தம்பி, மொத நா ராத்திரியே போயிரலாம். ராத்திரி பூரா நின்ன வண்டியத்தான் பாக்கோணும்" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. இரவில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு சக்கரத்திலும் விரல் வைத்து அளந்தோம். காலை ஆறு மணிக்குப் போய் மறுபடி அளந்தால், பின்பக்கம் வலது மூலை இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஏர் சஸ்பென்ஷனில் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்குவது) காற்றுக் கசிவு. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரெஸர் காற்றடித்துத் தூக்கிவிடும், பகலில் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. கசிவை அப்படியே விட்டால் ஓயாமல் ஓடி அந்த கம்ப்ரெஸரும் போய்விடும். அதைக் காட்டிப் பேசி 70,000 குறைத்தோம்.

மற்றபடி வண்டி சுத்தம். கண்ணாடிகளில் எல்லாம் ஒரே வருட முத்திரை (எதுவும் உடைந்து மாற்றியதாகத் தெரியவில்லை), ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைந்தது (எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், கவனம்), சாவி இரண்டும் இருந்தன. டயர் மட்டும் பழசு. பக்கவாட்டில் 2316 என்று இருந்தால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் (தேயாத ரப்பர் கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும்.

வண்டியை இவ்வளவு பார்த்த நான் ஆர்.சி.யில் ஏமாந்தேன். அதில் ஹெச்.பி. இருந்தது, அதாவது வண்டி மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்ற பதிவு. "கடன் எல்லாம் எப்பவோ முடிச்சாச்சுங்க, பேங்க் லெட்டர் கையில இருக்கு" என்றார் விற்றவர். லெட்டரும் இருந்தது. நம்பி வண்டியை எடுத்து வந்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஆறு வருஷம் முந்தி வாங்குனது, செல்லாது. புதுசா வாங்கிட்டு வாங்க" என்று திருப்பித் தள்ளினார்கள். புது லெட்டரோடு, ஹெச்.பி.யை நீக்க வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35-உம் வேண்டும். வங்கிக்குப் போனால் பழைய கணக்கு இந்தக் கிளையில் இல்லை, வேறு கிளைக்குப் போங்கள் என்றார்கள். அந்தக் கிளையில் மேனேஜர் லீவு. ஈரோட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் 100 கிலோமீட்டர். எல்லாம் கைக்கு வந்தபின் ஆன்லைனில் போட்டால் ஓ.டி.பி. விற்றவரின் பழைய டிரைவர் நம்பருக்குப் போகிறது! ஆர்.சி.யில் பதிவான நம்பரை மாற்ற இன்னொரு நடை.

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். என்னால் முடியவில்லை. இன்ஷூரன்ஸும் விற்றவர் பெயரிலேயே இருந்ததால், ஏதாவது ஆனால் க்ளைம் கிடைக்காது என்ற பயத்தில் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் சரியாகச் செய்திருந்தேன். விலையில் 1 லட்சத்தைப் பிடித்துவைத்து, ஹெச்.பி. கேன்சல் ஆன அன்று தருகிறேன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அந்தப் பணம் நின்றதால்தான் விற்றவர் என்னோடு வங்கி வங்கியாக ஏறினார். அது இல்லையென்றால் போனைக்கூட எடுத்திருக்க மாட்டார். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போங்கள்: பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஹெச்.பி., நிலுவை அபராதம், எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி எல்லாம் பார்த்துவிட்டு, ஹெச்.பி. நீங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

ஹெச்.பி. போனதும் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. இன்ஷூரன்ஸை மாற்றும்போது விற்றவரின் நோ க்ளைம் போனஸ் (க்ளைம் கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) நமக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பவானி கூடுதுறை வரை போய் வந்தோம். அம்மா பின் சீட்டில் தூங்கியே போனார். இரண்டிலிருந்து மூன்றாவது கியர் விழும்போது மட்டும் லேசாக ஒரு உதறல். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதை நம்ப வேண்டாம் என்கிறார் அண்ணன். வரும் திங்கட்கிழமை வண்டி அவர் ஷெட்டுக்குப் போகிறது.