ஃபுகுவோகாவின் வண்டிக் கடையில் கற்ற ஒரு சொல்

ஜப்பானுக்குப் புறப்படும் முன் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்களில், உணவைப் பாராட்டுவதற்கென்று இருந்தது 'ஒயிஷீ' ஒன்றுதான். சுவையாக இருக்கிறது என்பது அதன் பொருள். டோக்கியோவில் தங்கிய நான்கு நாட்களும் அந்தச் சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். ஆனால் தெற்கே கியூஷு தீவிலுள்ள ஃபுகுவோகாவுக்கு வந்த முதல் இரவிலேயே, ஜப்பானியர்கள் தங்களுக்குள் சாப்பிடும்போது அவர்கள் வாயில் தானாக வருவது வேறொரு சொல் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

ஃபுகுவோகாவின் அடையாளம் 'யத்தாய்' எனப்படும் வண்டிக் கடைகள். அந்தி சாயும் நேரத்தில் வண்டியை ஆற்றங்கரை நடைபாதைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பலகைகளை விரித்து, விளக்கேற்றிக் கடையாக்கிவிடுகிறார்கள். விடியும் முன் அந்த இடத்தில் ஒரு சுவடும் இருப்பதில்லை. நான் நுழைந்த கடையில் எட்டுப் பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த, பால்போல் வெளுத்த சாற்றில் மெல்லிய நூடுல்ஸ் மிதக்கும் 'தொன்கொத்சு ராமென்' கேட்டேன். இந்த நூடுல்ஸ் விரைவில் குழைந்துவிடும் என்பதால் முதலில் அளவாகவே போடுகிறார்கள். தின்று முடித்ததும், மீதமிருக்கும் சாற்றிலேயே இன்னொரு பிடி நூடுல்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் 'காஎதாமா' என்று பெயர்.

பக்கத்து இருக்கையில் இருந்த, வேலை முடிந்து வந்திருந்த இளைஞர் முதல் வாய்ச் சாற்றை உறிஞ்சியதும், கண்ணை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், 'உமை' என்றார். நம் காதுக்கு உமையம்மையின் பெயர் போலவே ஒலித்ததால் நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவருடைய நண்பரோ அதையே இன்னும் இழுத்து 'உமே...' என்றார். என் வியப்பைக் கண்ட கடைக்கார அம்மா, கைப்பேசியின் மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். இரண்டும் ஒரே சொல்தான். சொல்லின் கடைசியில் வரும் 'ஐ' ஓசை கொச்சைப் பேச்சில் 'ஏ' என்று நீள்கிறது. 'ஒயிஷீ' என்பது சமைத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. 'உமை' என்பது நாக்கில் பட்டவுடன் நம்மையும் மீறி வெளிவருவது. நண்பர்களுக்குள் சொல்லலாம், தனியாக இருக்கும்போது சொல்லலாம். முன்பெல்லாம் ஆண்களின் பேச்சாகக் கருதப்பட்ட சொல், இப்போது பெண்களும் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் மேலதிகாரி விருந்து வைக்கும் இடத்திலோ, பெரியவர் வீட்டிலோ 'ஒயிஷீ'தான் பொருந்தும் என்றார். தோழர்களோடு சாப்பிடும்போது 'செம' என்று சொல்லும் நாம், சம்பந்தி வீட்டுப் பந்தியில் அதைச் சொல்லத் தயங்குகிறோம் அல்லவா, அந்தத் தயக்கமேதான் இது.

இரண்டில் மூத்தது கொச்சையாகக் கருதப்படும் சொல்தான் என்பதை அறிந்தபோது மனம் நெகிழ்ந்தது. 8ஆம் நூற்றாண்டுத் தொகை நூலான மன்யோஷூவில், ஜொமேய் பேரரசர் பாடியதாக வரும் பாட்டு யமாத்தோ நாட்டை (ஜப்பானின் பழம்பெயர்) 'உமஷி' நாடு, அதாவது அருமையான நாடு என்று போற்றுகிறது. அந்த 'உமஷி'யின் வழிவந்ததுதான் இன்றைய 'உமை'. 'ஒயிஷீ'யோ, முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டுகள்) அரண்மனைப் பெண்கள் தங்களுக்குள் பேசிய நயமான மொழியில், 'இஷி' என்ற சொல்லின் முன் மரியாதைக்குரிய 'ஒ' சேர்ந்து உருவானது. பிறந்த இடத்தின் பணிவை அது இன்னும் விடவில்லை. 1908இல் கடற்பாசிச் சாற்றின் தனிச் சுவைக்குக் காரணமான பொருளைக் கண்டறிந்த வேதியியலாளர் கிக்குனாஏ இக்கேதா, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டதும் இந்த 'உமை'யிலிருந்துதான்.

இலக்கணத்திலும் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. நம் 'இனிது' நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே வடிவில் நின்று காலத்தைக் குறிப்பாக மட்டுமே உணர்த்தும். ஜப்பானிய மொழியிலோ இத்தகைய பண்புச் சொல்லே இறந்தகால விகுதி ஏற்கிறது: 'உமை' என்றால் சுவையாக இருக்கிறது, 'உமக்கத்தா' என்றால் சுவையாக இருந்தது. கியூஷுக்காரர்கள் கடைசி 'இ'யை 'க்கா' ஆக்கி 'உமக்கா' என்பார்கள் என்றும், மிகவும் என்பதற்கு இவ்வூரில் 'பரி' என்ற சொல் உண்டு என்றும் கடைக்கார அம்மா பெருமையோடு சேர்த்துச் சொன்னார். இரண்டாவது பிடி நூடுல்ஸை முடித்துவிட்டு எழுந்தபோது நான் 'பரி உமக்கத்தா' என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

மறுநாள் காலை, நான் தங்கியிருந்த விடுதியில் பாட்டியம்மா சுடுசோற்றின் மேல் மெந்தாய்கோ வைத்துக் கொடுத்தார். மிளகாயில் ஊறிய மீன்சினை. சோற்றின் சூடு பட்டதும் ஓரங்கள் வெளுத்து, காரம் மூக்கில் ஏறியது. அவர் முகத்தைப் பார்த்து, பணிவுக்குரிய 'தெஸ்' சேர்த்து 'ஒயிஷீ தெஸ்' என்றேன். அவர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அருகில் உட்கார்ந்திருந்த அவருடைய ஐந்து வயதுப் பேரன் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு 'உமே!' என்று கத்தினான். பாட்டி அவனைப் பார்த்து, 'ஒயிஷீ' என்று மெல்லத் திருத்தினார். அவனும் 'ஒயிஷீ' என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாய் எடுத்ததும் மறுபடி 'உமே!' என்றான்.