வான்ஸ்டெட் பிளாட்ஸிலிருந்து விடுவிப்புக் கடிதம் வரை: மகனின் அகாடமி வருடங்கள்

என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று முடியும் வரை லண்டனில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் அகாடமியில் இருந்தான். 2018இல் உள்ளே போனோம், 2024 மே மாதம் வெளியே வந்தோம். போனோம், வந்தோம் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பதிவுப் படிவத்தில் பிள்ளையின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆனால் வாரத்தில் நான்கு நாள் ஓடுவது முழு வீடும். கடந்த ஒரு வருடத்தில் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைக்கும் அழைப்பு வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு வான்ஸ்டெட் பிளாட்ஸ் தெரியும். ஞாயிறு காலையில் அந்தப் பெரிய புல்வெளி முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்கள் நடக்கும். அங்கேதான் ஒரு ஸ்கவுட், அதாவது கழகத்துக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடுபவர், அவனைப் பார்த்தார். மழைக்கோட்டு போட்ட, வயதான மனிதர். நேராக என்னிடம் வரவில்லை. முதலில் எங்கள் சின்னக் குழுவின் கோச்சிடம் போய்ப் பேசினார், பிறகு அவர்தான் என்னைக் கூப்பிட்டார். ஸ்கவுட் இரண்டே கேள்விகள் கேட்டார். வீடு எவ்வளவு தூரம்? பிள்ளை பிறந்தது எந்த மாதம்? ஜூலை என்றேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு விளங்க நான்கு வருடம் ஆனது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டெம்பர் 1இல் தொடங்குகிறது. செப்டெம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே அணி. எட்டு வயதில் பத்துப் பதினொரு மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். அகாடமிகளில், செப்டெம்பரில் தொடங்கும் இந்த வருடக் கணக்கின் முதல் மூன்று நான்கு மாதங்களில் பிறந்தவர்கள்தான் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் அணியிலும் அப்படித்தான் இருந்தது. ஜூலைப் பிள்ளை மகன் ஒருவன்தான்.

ஆறு வாரம் சோதனைப் பயிற்சி. கோல் அடித்தால் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு கோச் பெற்றோரைக் கூப்பிட்டு, "பந்து வருவதற்கு முன்னால் உங்கள் பிள்ளையின் தலையைப் பாருங்கள்" என்றார். அதன் பிறகுதான் கவனித்தேன். பந்து இன்னும் இன்னொருவனின் காலில் இருக்கும்போதே மகன் ஒருமுறை இடது தோளுக்கு மேலால், ஒருமுறை வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான். பந்து வந்து சேரும்போது அதை எங்கே அனுப்புவது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்கேனிங் என்று சொல்வார்கள். ஸ்கவுட் பார்த்ததும் அதைத்தானாம். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதுவரை கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி" என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். கத்தினால் பிள்ளை பார்ப்பதை விட்டுவிட்டு நம் குரலைத்தான் கேட்கும்.

சரி, பதிவுக்கு வருகிறேன். கழகத்தில் முறையாகப் பதிவது ஒன்பது வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்துதான். பதிவான பிள்ளையிடம் கழகம் பயிற்சிக்குக் காசு வாங்காது. கழகத்தின் பெயர் போட்ட சட்டையோடு காசு வாங்கி நடத்தும் விடுமுறைப் பயிற்சிகள் வேறு, அகாடமி வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசைக் கொட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை, வளர்ந்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பதினாறில் முழுநேரப் பயிற்சியும் படிப்பும் சேர்ந்த இரண்டு வருட ஸ்கொலர்ஷிப் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

2012இலிருந்து இந்த முழு ஏற்பாடும் இபிபிபி (எலீட் பிளேயர் பெர்ஃபோமன்ஸ் பிளான்) என்ற திட்டத்தின் கீழ் நடக்கிறது. மைதானம், பயிற்சியாளர்கள், படிப்பு, மருத்துவம் எல்லாவற்றையும் தணிக்கை செய்து அகாடமிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகைதான் உயர்ந்தது. அதே திட்டம்தான் ஒரு கழகத்துப் பிள்ளையை இன்னொரு கழகம் எடுத்தால் கொடுக்க வேண்டிய நட்டஈட்டையும் நிர்ணயித்தது. திட்டம் வந்தபோது ஒன்பது முதல் பதினொரு வயது வரை பயிற்றுவித்த வருடத்துக்கு 3,000 பவுண், பன்னிரண்டு முதல் பதினாறு வரை முதல் வகை அகாடமியென்றால் வருடத்துக்கு 40,000 பவுண். படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது எனக்கு இது தெரியாது. கீழே இதற்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் பெற்றோர் மாட்டுப்படும் இடம் இதுதான்.

கழகங்கள் இவ்வளவு செலவழிப்பதற்குக் காரணம் உண்டு. 2010 சீசனிலிருந்து இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு கழகமும் கொடுக்கும் 25 பேர் பட்டியலில், உள்நாட்டுக் கழகங்களில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. அகாடமியில் வளர்த்தவனை விற்றால் வரும் பணமும் பெரியது. பிள்ளைகள்மேல் கோச்மாருக்கு இருந்த அன்பு உண்மையானது, அதை நான் கண்ணால் பார்த்தேன். கணக்கும் உண்மையானதுதான்.

முதல் மூன்று வருடம் அவன் வாழ்க்கையின் மிக நல்ல காலம். அந்தப் பருவத்தில் ஆட்டங்களுக்குப் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஒரு வாரம் பின்வரிசை, அடுத்த வாரம் நடுக்களம், ஒருமுறை கோல் காப்பாளர் என்று மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டுப் பின்வளவில் கணினித் திரைக்கு முன்னால் நின்று பந்து தட்டினான். சில மாதங்களுக்கு ஒருமுறை மதிப்பீட்டு அறிக்கை தருவார்கள். நுட்பம், உடல், மனம், மற்றவர்களோடு பழகுதல் என்று நான்கு பகுதி இருக்கும். முதல் அறிக்கையில் "தோற்ற பிறகு எதிரணிக் கோல் காப்பாளரிடம் போய்ப் பேசினான்" என்று ஒரு வரி இருந்தது. மனைவி அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

செலவு வேறு விதத்தில் வந்தது. மூன்று மாலை பயிற்சி, ஞாயிறு ஆட்டம். நோர்த் சர்குலர் வீதி நெரிசலில் காருக்குள்ளேயே வீட்டுப்பாடம், காருக்குள்ளேயே சாப்பாடு. அவனுடைய அம்மம்மா இடியப்பமும் சொதியும் கட்டித்தருவார். அகாடமியின் உணவு ஆலோசகரிடம் சோறு சாப்பிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தாராளமாக, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிடட்டும் என்றார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நின்றுபோனது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்த முடிவை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். பத்து வயதில் சரளமாகத் தமிழ் வாசித்தவன் பதின்மூன்றில் எழுத்துக்கூட்டினான்.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு எல்லாம் மாறியது. ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பினால் அணியில் பாதிப் பேருக்குக் குரல் உடைந்திருந்தது. சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. மகன் அவர்களின் தோளுக்குத்தான் வந்தான். தோளுக்கு மேலால் பார்ப்பது, பந்தைச் சரியாக அனுப்புவது எல்லாம் முன்போலத்தான். ஆனால் பந்து வந்து சேரும் முன்பே ஒரு பெரிய உடம்பு வந்து மோதிவிடும்.

அந்த வருடம் ஒரு செவ்வாய் மாலை, பயிற்சி நிலையத்தில் ஒரு சின்ன அறைக்குள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி முதலில் என் உயரம், பிறகு மனைவியின் உயரம் அளந்தார்கள். மகனுக்கு நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளையின் இன்றைய அளவையும் வைத்து, அவன் வளர்ந்து முடிக்கும்போது எவ்வளவு உயரம் இருப்பான் என்று கணிக்கும் முறை இது. காமிஸ் ரோச் முறை என்று பெயர். மகன் தன் இறுதி உயரத்தில் 84 சதவீதத்தில் இருந்தான். அவனோடு ஆடிய செப்டெம்பர்ப் பிள்ளை ஒருவன் 93இல். பிறந்தநாளில் பத்து மாத வித்தியாசம், உடம்பிலோ இரண்டு மூன்று வருட வித்தியாசம். அந்த அறையில்தான் எனக்கு ஸ்கவுட் போட்ட கோடு விளங்கியது.

இந்தச் சதவீதத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிடுவதை பயோ பேண்டிங் என்கிறார்கள். பிரீமியர் லீக் 2015இலிருந்து இப்படிப் போட்டிகள் நடத்துகிறது. மகன் ஒரு போட்டியில் தன்னைவிட வயது குறைந்தவர்களோடு ஆடினான். ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த பிள்ளையை அன்று திரும்பக் கண்டேன். பந்தைக் கேட்டு வாங்கினான், மற்றவர்களுக்கு இடம் காட்டினான், குரல் கொடுத்தான். அதே நாளில் அந்த 93 சதவீதப் பிள்ளை தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடித் திணறினான். உடம்பால் வென்று பழகியவனுக்கு அதுவும் தேவையான பாடம் என்றார் கோச்.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அவன் பின்தங்குகிறான் என்ற பயத்தில், அகாடமிக்குச் சொல்லாமல் திங்கட்கிழமைகளில் ஒரு தனிப் பயிற்சியாளரிடம் அனுப்பினேன். ஓட்டம், பாய்ச்சல், எடை. இரண்டு மாதத்தில் குதிக்காலில் வலி. காலையில் படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நொண்டினான். வளரும் வயதில் குதிக்கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியில் வரும் வலி, செவர்ஸ் என்று பிசியோ சொன்னார். பிறகு, வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுகிறான் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, திங்களையும் புதனையும் வெட்டி, என்னிடம் தந்தார். உங்கள் பிள்ளை வளர்கிறான் என்றால் பாடசாலை விளையாட்டு உட்பட எல்லா நேரத்தையும் கூட்டி அகாடமிக்குச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

2024 மே மாதம் கூப்பிட்டார்கள். பத்து நிமிடக் கூட்டம். ஆட்ட அறிவு மிக நன்று, உடல் வேகம் இந்த நிலைக்குப் போதாது, அடுத்த ஒப்பந்தம் இல்லை. அளந்தவர்களும் அவர்கள்தான், காத்திருக்க முடியாது என்றவர்களும் அவர்கள்தான். அதைவிட வலித்தது அன்றிரவு நடந்தது. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும் முன்பே அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கியிருந்தார்கள். ஆறு வருட நண்பர்களுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. வேலைப்பளுவில் யாரோ யோசிக்காமல் செய்திருக்கலாம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்யக்கூடாது. கிறிஸ்டல் பேலஸ் கழகம், வெளியேறும் இளைஞர்களுக்கு மூன்று வருடம் துணையிருக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. எல்லாக் கழகமும், எல்லா வயதுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இப்போது நட்டஈட்டு விஷயம். கழகம் பிள்ளையை விடுவித்தால் அடுத்த கழகம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கழகம் ஒப்பந்தம் நீட்ட முன்வந்து நாம் வேண்டாம் என்று வெளியேறினால், நட்டஈடு பிள்ளையோடு கூடவே போகும். சின்னக் கழகங்கள் அந்தத் தொகைக்குப் பயந்து கிட்ட வராது. கோபத்தில் நாங்களாகவே விலகுகிறோம் என்று எழுதிக்கொடுக்க முன்னால் இதைக் கேட்டுத் தெளிவாகுங்கள். விடுவிப்பை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டு அறிக்கைகளையும் ஆட்ட வீடியோக்களையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், பின்னால் இங்கிலாந்து அணிக்கே ஆடியவர்களைச் சொல்லி ஆறுதல் சொன்னார்கள்: ஹரி கேனை ஆர்சனல் விட்டது, டெக்லன் ரைஸைப் பதினான்கில் செல்சி விட்டது, ஜேமி வார்டியை உயரம் போதாதென்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே விட்டது. எல்லாம் உண்மைதான். மகன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவனுக்கு உதவியது வேறொன்று. மூன்று வாரம் கழித்து எங்கள் பழைய ஞாயிறு அணியின் கோச் ஒரு ஆள் குறைகிறது, வருவாயா என்று கேட்டார். போனான். அடுத்த ஞாயிறும் போனான். லிவர்பூல் அகாடமியில் வளர்ந்து பிறகு பார்ன்ஸ்லிக்குப் போன தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதனின் ஆட்டத்தை மட்டும் தானாகத் தேடிப் பார்ப்பான். நான் பக்கத்தில் உட்காரலாம், பேசக்கூடாது.

போன வருடம் பதினொரு சென்றிமீற்றர் வளர்ந்தான். ஒரு சின்னக் கழகத்தின் இளையோர் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான், வாரம் இரண்டு மாலை. திரும்ப ஒரு அகாடமிக்கு முயற்சி செய்வதா என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குத் திரும்பப் போகிறான். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால், தன்னைவிட மூன்று வயது குறைந்தவர்களோடு உட்கார்ந்து வாசிக்கிறான்.