ஒண்ணு, நெறைய, கொறே

எங்க பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதணும்னு சொன்ன உடனே எனக்கு மனசுல வந்தது ஒரு ஏழு நிமிஷ ஹிந்தி கார்ட்டூன் படம்தான். 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. 1974-ல மத்திய அரசோட பிலிம்ஸ் டிவிஷன் எடுத்தது, டைரக்ஷன் விஜயா முலே, அனிமேஷன் பீம்சேன். தூர்தர்ஷன்ல அடிக்கடி போடுவாங்களே, வேடன் வலையில சிக்கின பறவைங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து வலையோட பறக்கும், கடைசில எலிங்க வந்து வலையக் கடிச்சு விடும், அதேதான்.

கேரளாவுல, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்க தெருவுல ஒரே ஒரு வீட்லதான் டிவி. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிச்சா ஆன்டெனா திரும்பிக்கும், பறவைங்க சரியா வலையத் தூக்கற நேரத்துல ஸ்கிரீன் பூரா புள்ளி புள்ளியா ஆயிடும், ஒருத்தன் மொட்டைமாடிக்கு ஓடி கம்பியப் பிடிச்சுட்டே "தெரியுதாடா"ன்னு கத்துவான், அவன் பாவம் படம் பாக்கவே மாட்டான்.

ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது எங்களுக்கு. ஆனா கதை புரிஞ்சது. கோடு கொஞ்சம், கலர் கொஞ்சம், பெரிய செலவில்ல, ஆனா அந்தப் பறவைங்க றெக்கை அடிக்கறது பாட்டோட தாளத்துலயே இருக்கும், அதுதான் நம்மள இழுக்குதுன்னு இப்ப தோணுது. பாடினது சின்னப் பொண்ணா இருந்த சாதனா சர்கம், பின்னாடி 'அழகி'யில 'பாட்டுச் சொல்லி' பாடி தேசிய விருது வாங்கினாங்களே அவங்க.

மறுநாள் கிளாஸ்ல சார் தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் ரெண்டையும் ஒண்ணா உக்கார வெச்சு கதை கேட்டார். 'ஏக்'னா என்னன்னதும் ரெண்டு பக்கமும் "ஒண்ணு"தான். 'அனேக்'குக்கு மலையாளம் மீடியம் பசங்க "கொறே கிளி"ன்னாங்க (கிளின்னா அவங்களுக்கு எந்தப் பறவையும்தான்), எங்களுக்குக் கோவம், "கொறைச்சலா இல்ல சார், நெறைய இருந்துச்சு"ன்னு கத்தினோம். மலையாளத்துல கொறேன்னா நெறையன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இத்தனைக்கும் தினம் ஒரே குழாயில தண்ணி குடிக்கறோம். சார் சிரிச்சுட்டு போர்டுல 'அநேகம்'னு தமிழ்லயும் மலையாளத்துலயும் பக்கம் பக்கமா எழுதினார், சாக்பீஸ் தூள் அவர் சட்டைக் கையில வெள்ளையா ஒட்டியிருந்தது.

போன வருஷம் சங்கக் கூட்டத்துல பசங்களுக்காக புரொஜெக்டர்ல இதப் போட்டோம். பசங்க வாயத் தொறந்து பாத்துட்டு திரும்பப் போடச் சொன்னாங்க, மூணு தடவ ஓடுச்சு. பக்கத்துல மலையாளம் மீடியம்காரன், வலை தரைய விட்டுக் கெளம்பற நேரம் என் தோள இடிச்சு "கொறே கிளி, அல்லேடா?"ன்னான்.

"ஆமாடா, கொறே"ன்னேன்.